அப்பாவின் மருந்துக் கொம்பு

2023 பிப்ரவரி 2, வியாழக்கிழமை, காலை ஆறு ஐம்பது. வானம் முழுக்க மூடியிருந்தது. தக்கலையில் இருந்து வரும் வழியில் இரண்டு தடவை தூறல் விழுந்து நின்றது. வட்டக்கோட்டைக்குப் போகும் சாலையில், தம்பி மகன் புதிதாகக் கட்டிய விடுதியின் முன்னால் காரை விட்டு இறங்கியபோது மழை இல்லை. கடற்காற்று மட்டும் உப்போடு முகத்தில் அடித்தது. என் கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. வெடிமருந்து வைக்கும் கொம்பு. அப்பாவுடையது.

அன்று பால்காய்ச்சு, புதுமனை புகும் சடங்கு. பால் பொங்க ஏழேகால் மணிக்கு நேரம் வைத்திருந்தார்கள். நான் எங்கேயும் கால் மணி நேரம் முன்னதாகப் போகிறவன். அன்று இருபத்தைந்து நிமிடம் முன்னதாகப் போய்விட்டேன். அந்த இருபத்தைந்து நிமிடத்தையும் நான் காருக்குள்ளேயே உட்கார்ந்து கழித்திருக்க வேண்டும்.

கொம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருவட்டாற்றுக்கு வடக்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம், இருந்தது. பன்றி வந்தால் ஒரே இரவில் கால் ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடும். அதற்காக அப்பா உரிமம் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கும் பழைய வகை. அதை எங்கள் வீட்டில் தோக்கு என்போம். தோக்கோடு சேர்ந்து வந்தது இந்தக் கொம்பு. அப்பாவுக்கு அது அவருடைய தாய்மாமனிடம் இருந்து கிடைத்தது. அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தவர்களின் வழியில் வந்த ஒரு கொல்லர் செய்தது என்று அப்பா சொல்வார். அதற்குச் சான்று கிடையாது. சான்றில்லாததை நான் நம்புவதில்லை. ஆனால் செய்தவன் யாராக இருந்தாலும், அவன் அவசரப்படாதவன் என்பதற்குக் கொம்பே சான்று.

காளையின் கொம்பு. ஒரு சாணும் நான்கு விரலும் நீளம். கொம்பை வேகவைத்து இளக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அமுக்கியிருக்கிறார்கள். அதனால் அது உருண்டையாக இல்லாமல் சற்றுத் தட்டையாக, இடுப்பில் உருளாமல் படியும். உள்ளே கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்கியிருக்கிறார்கள். வெயிலுக்கு நேரே பிடித்தால் தேன் நிறத்தில் இருக்கும். உள்ளே மருந்து எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது நிழலாகத் தெரியும். மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அகன்ற வாயைப் பலாப்பலகையால் அடைத்து, தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கி ஊற்றி, சுற்றிலும் பதினொரு பித்தளை ஆணி அடித்திருந்தது. ஆணித் தலை ஒவ்வொன்றும் கடுகுக்குச் சற்றே பெரிது.

குறுகிய நுனியில் பித்தளை மூக்கு. வேலையெல்லாம் அந்த மூக்கில்தான். நுனியைச் சுட்டுவிரலால் பொத்திக்கொண்டு கொம்பைக் கவிழ்க்க வேண்டும். பெருவிரலால் ஒரு சிறு நெம்பை அழுத்தினால், மூக்கின் அடியில் இருக்கும் தகடு விலகி மருந்து இறங்கி நிறையும். பெருவிரலை எடுத்தால் தகடு தானே மூடிக்கொள்ளும். இனிக் குழலில் கொட்டினால் ஒரு வெடிக்கு உரிய அளவு, கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. முந்திய வெடியின் கனல் குழலுக்குள் மிச்சம் இருந்து பற்றிக்கொண்டாலும் மூக்கில் இருப்பது மட்டும்தான் எரியும். கொம்பில் இருப்பது தப்பும். அதைப் பிடித்திருக்கும் கையும் தப்பும். தகட்டை இழுத்து மூடும் வில்லைக்கூட பித்தளையை அடித்து அடித்து விறைப்பாக்கித்தான் செய்திருந்தார்கள். அந்தக் கொம்பில் ஒரு குந்துமணி அளவுக்கும் இரும்பு கிடையாது. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால்.

விளைக்குப் போகும்போது தோக்கை அப்பா எடுப்பார். கொம்பைத் தம்பி எடுப்பான். ஈயக் குண்டுப் பையும் எண்ணும் பொறுப்பும் எனக்கு. வெடித்தது எத்தனை, மீதி எத்தனை என்று வீட்டுக்கு வந்ததும் நான் சொல்ல வேண்டும். கணக்கு அன்று தொட்டே என்னோடு ஒட்டிக்கொண்டது. பிறகு தக்கலையில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் அதைத்தான் செய்து சம்பளம் வாங்கினேன்.

அப்பா இறந்தபின் தோக்கைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். நிலத்தைப் பாகம் வைத்தபோது நான் கொம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தம்பி அப்போது சிரித்தான். “வெடிக்கப் போறியளா அண்ணே? தோக்கு இல்லாம வெறுங் கொம்பை வச்சி என்ன செய்ய? ஊதவா?” என்று கேட்டான். ஊதுவதற்கு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும் முன் எடுத்து, தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் தடவி, துடைத்து, நெம்பை நான்கு தடவை அழுத்திப் பார்த்து மூடி வைப்பேன். கொம்பு காய்ந்தால் விரிசல் விடும். பூச்சியும் தின்னும். இது எனக்கு ஒரு வேலை. பிள்ளைகள் இருவரும் வெளியூருக்குப் போன பின் இதுபோன்ற வேலைகள் எனக்கு வேண்டியிருந்தன.

2022 கடைசியில் தம்பி வீட்டுக்கு வந்தான். மகன் சுற்றுலாக்காரர்களுக்காக ஆறு அறை கொண்ட விடுதி கட்டுகிறான், பழைய சாமான்களை வைத்து அலங்காரம் செய்யப் போகிறான், முன்னறையில் கண்ணாடி அலமாரி வைக்கிறார்கள், அதில் கொம்பையும் வைத்தால் நம் குடும்பத்துக்கும் ஒரு மதிப்பு என்றான்.

“கொஞ்ச நாளைக்கு காட்சிக்கு வச்சிட்டுத் திருப்பித் தந்திருதேன் அண்ணே.”

“எத்தன நாளு?”

“அதுக்கும் கணக்கா? மழைக்கு முந்தி தந்திருதேன், போதுமா?”

அப்போதே எடுத்துக்கொண்டு போ என்றேன். அவன் கையை ஆட்டினான். “இப்பம் வேண்டாம். அங்க பெயிண்ட் அடி நடக்கு. தூசியும் மண்ணுமா கெடக்கு. பால்காய்ச்சு அன்னைக்கி நீங்களே கையோட கொண்டு வாங்க. அதுதான் மரியாதை.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. சாமானைப் பத்திரமாகப் பார்க்கிறானே என்று மகிழ்ந்தேன்கூட.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பால்காய்ச்சு நாளில், பால் பொங்கும் முன் புது வீட்டின் வாசற்படியைத் தாண்டி உள்ளே போன பொருள் அந்த வீட்டுக்கு உரியது. குத்துவிளக்கோ, குடமோ, ஒரு முறமோ எதுவாகவும் இருக்கட்டும். அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த வீட்டின் பொலிவைத் திருப்பிக் கேட்டது போல. கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்ற வேறுபாடு இதில் இல்லை. எங்கள் வீட்டில் போதகர் வந்து ஜெபம் செய்த பிறகுதான் பால் காய்ச்சுவோம். அப்படியும் வழக்கம் வழக்கம்தான். எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் அன்று காலை அது என் நினைவின் ஓரத்தில்கூட வரவில்லை. காட்சிக்கு என்று சொல்லித்தான் கொடுக்கிறேன், கேட்டது என் உடன்பிறந்தவன், பிறகென்ன.

தம்பி வாசலுக்கே வந்து என்னை வரவேற்றான். “வாங்க அண்ணே, வாங்க, பால் அடுப்புல ஏத்தியாச்சி” என்று தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். போட்டோ எடுப்பவரைக் கைகாட்டி அழைத்தான். தம்பி மகன் இரண்டு கையையும் நீட்ட, நான் கொம்பை அவன் கையில் வைத்தேன். மூவரும் சிரித்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிடம் கழித்துப் பால் பொங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மே மாதம் தம்பியிடம் கேட்டேன். “கண்ணாடி அலமாரியில ராசா கணக்கா இருக்கு அண்ணே. சீசன் முடியட்டும்.” ஓணம் முடிந்து கேட்டேன். “எண்ணெயா? நான் தடவிட்டேன் அண்ணே. நான் பிடிச்ச கொம்புதானே, எனக்குத் தெரியாதா?” இந்த பதிலைக் கேட்டு எனக்கு மனம் இளகிப்போயிற்று. சிறு வயதில் அவன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த நடை நினைவுக்கு வந்தது. மூன்றாவது தடவை கேட்க நாக்கு எழவில்லை.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தம்பி மகன் குடும்ப வாட்ஸாப் குழுவில் விடுதியின் படங்களைப் போட்டான். பதினேழு படங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன். பதினான்காவது படம் மூன்றாம் எண் அறை. வெள்ளை விரித்த கட்டில். தலைமாட்டுச் சுவரில் தேன் நிறத்தில் ஒரு விளக்கு. விரலால் படத்தை விரித்துப் பார்த்தேன். இன்னும் விரித்தேன். அது எங்கள் கொம்பு. மூக்கு மேலே பார்த்து இரும்புப் பட்டையில் மாட்டியிருந்தது. அகன்ற வாய் கீழே. பலாப்பலகை இல்லை. அந்த இடத்தில் பல்பு.

அருகில் இருந்த மனைவியிடம் போனைக் காட்டினேன். அவள் பார்க்காமலே சொன்னாள்: “கண்டேன்.”

“எப்பம்?”

“கை கழுவ இடம் தேடிப் போயி அந்த ரூமுக்குள்ள எட்டிப் பாத்தேன். ஆகஸ்ட் மாசம், ஒங்க தம்பிக்க பேரப்பிள்ளை பொறந்தநாளுக்கு நான் மட்டும் விடுதிக்குப் போனேனே.”

“நாலு மாசமா சொல்லல்லியே நீ?”

“சொன்னா நீங்க தின்னவா போறிய, உறங்கவா போறிய? அந்த நாலு மாசமாவது நிம்மதியா சோறு தின்னட்டும்னு விட்டேன்.”

அவளோடு அன்று நான் பேசவில்லை. அவள் பண்ணியது தயவுதான் என்று மறுநாள் விளங்கியது. ஆனாலும் அது கணக்கில் ஏறிவிட்டது.

தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தம்பி மகன் எடுத்தான். “பெரியப்பா, நேர்ல வந்து லைட் போட்டுப் பாருங்க. வாற கெஸ்ட் எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்காங்க” என்றான். குற்றம் செய்தவன் குரல் இல்லை அது. பாராட்டை எதிர்பார்க்கும் குரல். வருகிறேன் என்றேன்.

ஜனவரி முதல் வாரத்தில், பகல் பதினொரு மணிக்கு, தக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு மின்பணியாளரைக் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் போனேன். மூன்றாம் எண் அறை காலியாக இருந்தது. தம்பி மகன் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கைப் போட்டான்.

உண்மையைச் சொல்கிறேன். அது அழகாக இருந்தது. அத்தனை வருடம் வெயிலில் பிடித்துப் பார்த்தும் எனக்குத் தெரியாத ஒன்று அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. உள்ளே சுரண்டிய கோடுகள். மயிரிழை போல நூறு நூறாக, எல்லாம் ஒரே திசையில், வாயில் இருந்து மூக்கை நோக்கி. மருந்துத் துகள் எங்கும் தங்காமல் வழிந்து இறங்குவதற்காக, கொம்பைச் செய்தவன் அப்படிச் சுரண்டியிருக்கிறான். அவனுடைய அந்தப் பொறுமையைத்தான் இவர்கள் பல்பு மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்காக மெலிந்த கொம்பு விளக்குக்கு வாகாக அமைந்துவிட்டது. எனக்கு அந்தக் கொம்பின் மேலேயே ஒரு நிமிடம் கோபம் வந்தது.

பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். பட்டையைப் பிடித்திருந்தவை இரண்டு இரும்புத் திருகாணிகள். ஒன்றின் ஓரத்தில் இருந்து ஓர் அரிசி நீளத்துக்கு விரிசல் தொடங்கியிருந்தது. நெம்பு அசையவில்லை, அதன் மேல் பட்டை இறுகியிருந்தது.

“பலகை எங்க மக்கா?”

“எந்தப் பலகை பெரியப்பா?”

“இதோட வாயை அடச்சிருந்த பலாப்பலகை. பதினொரு பித்தள ஆணி.”

“அதா? அப்பாதான் கழத்துனாரு. பைய தட்டித் தட்டி, உடையாம எடுத்தாரு. பின்ன எங்க போட்டோம்னு தெரியல்ல.”

மின்பணியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “சாரே, கழத்திரலாம். ஆனா ஓனர் சம்மதம் வேணுமில்லா?”

“ஓனர் நான்தான்.”

“எதுக்கு? லைட்டுக்கா, பில்டிங்குக்கா?”

தம்பி மகன் முகம் அப்போதுதான் மாறியது. “பெரியப்பா, நீங்க பால்காய்ச்சுக்குக் கொண்டு வந்து என் கையில தந்த சாமானமில்லியா? போட்டோ இருக்கே.”

“காட்சிக்குன்னு சொல்லித் தந்தேன் மக்கா. மழைக்கு முந்தி திருப்பித் தாறேன்னு ஒங்க அப்பா சொன்னான்.”

“எங்கிட்ட அப்படிச் சொல்லல்லியே. அண்ணன் சும்மா தரமாட்டாரு, பால்காய்ச்சு அன்னைக்கிக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன், அப்பம் வாசல் தாண்டிட்டா பின்ன கேக்க மாட்டாருன்னுதானே அப்பா...”

அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். கதவருகில் தம்பி வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை.

பெயிண்ட், தூசி, மண். தோளைப் பிடித்து உள்ளே அழைத்த கை. பால் அடுப்பில் ஏறிவிட்டது என்ற அவசரம். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கூட்டல் சரியாக வந்தது.

“லேய், இதுல இரும்பு படக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? நீ இடுப்புல கட்டி நடந்தவன்தானே?”

“இப்பம் அதுல மருந்தா இருக்கு? பல்பு. பல்பு வெடிக்குமா அண்ணே?”

“பொய் சொன்னியே. எண்ணெய் தடவினேன்னு சொன்னியே.”

“தடவினேன். கழத்துன அன்னைக்கி தடவினேன்.” சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். “அதை எடுத்து நடந்தது நானு. வச்சிருந்தது நீங்க. வருசத்துக்கு ஒருக்கா எண்ணெய் போட்டுப் பெட்டியில பூட்டி வச்சிருந்திய. ஒரு நாளாவது ‘தம்பி, வந்து பிடிச்சிப் பாருடே’ன்னு விளிச்சியளா? இங்க நாலு பேரு பாக்கான்.”

“எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லியா?”

“கேட்டா தந்திருப்பியளா?”

தந்திருக்க மாட்டேன். ஆனால் தரமாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். நாள் பார்த்து, போட்டோவுக்கு ஆள் பார்த்து, வாசற்படியைப் பொறியாக வைத்திருக்க மாட்டேன். அதை நான் சொன்னேனா, நினைக்க மட்டும் செய்தேனா என்று இப்போது உறுதியில்லை.

வழக்கத்தில் ஒரு வழியும் உண்டு. அப்படி வீட்டுக்குப் போய்விட்ட பொருளைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தால், சும்மா எடுக்கக் கூடாது. விலை கொடுத்து வாங்க வேண்டும். விலை என்பது பேச்சுக்குத்தான். வீட்டுக்காரர் ஒரு ரூபாய் என்பார், எடுப்பவர் ஒரு ரூபாயைப் படியில் வைத்துவிட்டுப் பொருளை எடுப்பார். இரண்டு பக்கத்துக்கும் குறை இல்லை. எங்கள் சித்தி ஒருத்தி இப்படித்தான் தன் மகள் வீட்டில் இருந்து ஒரு வெண்கல உருளியை மீட்டாள். நான் சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயம் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

“பால்காய்ச்சுச் சாமானம்தான், ஒத்துக்கிடுதேன். விலை சொல்லு” என்றேன்.

தம்பி மகன் பதறினான். “என்ன பெரியப்பா இது, ஒங்ககிட்ட விலையா? நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் வேற லைட் மாட்டிக்கிடுதேன்.”

“நீ மிண்டாத மக்கா” என்றான் தம்பி. அவன் என் உள்ளங்கையைப் பார்த்தான். நாணயத்தைப் பார்த்துவிட்டான் என்பது எனக்கு நிச்சயம். விளக்கைப் பார்த்தான். திரும்பவும் என்னைப் பார்த்தான்.

“இருபத்தஞ்சாயிரம்.”

மின்பணியாளர் வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். தம்பி சிரிப்பான், ‘சும்ம சொன்னேன் அண்ணே’ என்பான் என்று நான் காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. நாணயத்தைப் பைக்குள் போட்டேன். பேரம் பேசவில்லை. பேரம் பேசினால் அவன் சொன்னது விலை என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். காசோலைப் புத்தகம் எப்போதும் என் பையில் இருக்கும். கட்டில் மேல் வைத்து எழுதினேன். யார் பெயருக்கு என்று கேட்டேன். அவன் தன் பெயரையே சொன்னான், மகன் பெயரை அல்ல. ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் நான் கூப்பிட்டு வந்த அந்தப் பெயரை முதல் முறையாக எழுத்துக் கூட்டி எழுதினேன். அவன் வாங்கி, தேதியைச் சரிபார்த்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

கொம்பு கழன்று வர நாற்பது நிமிடம் ஆயிற்று. திருகாணிகளை எடுத்தபோது விரிசல் இன்னும் ஓர் அரிசி நீளம் ஓடியது. அதே பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டேன். தம்பி மகன் கார் வரைக்கும் வந்தான். கதவைத் திறந்து பிடித்தான். தம்பி வரவில்லை.

மூன்றாம் நாள் வங்கியில் இருந்து போனுக்குச் செய்தி வந்தது. காசோலை பணமாகிவிட்டது. அதுவரை எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, அவன் அதை மாற்றமாட்டான் என்று. செய்தியை மனைவியிடம் காட்டினேன். “பைசாவை எடுத்துட்டானா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கொம்பு இப்போது அலமாரியில் இருக்கிறது. பலகை இல்லாததால் அகன்ற வாய் திறந்தே இருக்கிறது. வடசேரியில் ஒரு பித்தளை வேலைக்காரரிடம் காட்டினேன். நெம்பைச் சரிசெய்துவிட்டார், இப்போது அழுத்தினால் தகடு விலகுகிறது, விட்டால் மூடுகிறது. புதிய பலகை போடலாம், ஆனால் விரிசல் உள்ள கொம்பில் ஆணி அடித்தால் முழுக்கப் பிளந்துவிடும் என்றார். வேண்டாம் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

காசோலை இருபத்தையாயிரம். வாடகைக் கார் ஆயிரத்து எண்ணூறு. மின்பணியாளருக்கு அறுநூறு. நெம்பு சரிசெய்ய முந்நூற்றைம்பது. ஆக மொத்தம் இருபத்தேழாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.